ஒரே நாடாவில் கட்டிய இரண்டு எடித்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்க வந்தபோது, உங்களில் ஒருத்தி கேட்டாள்:

"அன்ரி, பதினாலாம் பெட்டிக்குள்ளை ஒரு பச்சை நாடா நடுவிலை முடிச்சோடை கிடக்கு. பாக்க வடிவில்லை. புதுசு ஒண்டு வாங்கிக் கட்டட்டோ?"

"தொட்டால் கையை முறிப்பன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத் தொடங்கினால் கோப்பியும் ஆறிவிடும், உங்கள் பஸ்சும் போய்விடும் என்பதால் அப்போது விட்டுவிட்டேன். இப்போது எழுதித் தருகிறேன். தமிழில்தான் எழுதுவேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நீங்கள் படித்த தமிழ் இதற்குப் போதும். விளங்காத இடத்தில் உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள், அவர்களுக்கும் பொழுது போகும்.

காகிதத்தை எப்படிப் பிடிப்பது, எந்த அலமாரியில் எதை வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். பழைய காகிதங்களைப் பட்டியல் போடும் இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன், வருவதற்கு முன்பே அதை எப்படி இழக்கப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் முதல் பிழை இஸ்திரிப் பெட்டியால் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இங்கே பலேர்மோவில், பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் காலை வேலை பார்த்தேன். சிஞ்ஞோரா என்றுதான் அவரை அழைப்பேன். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த விதவை. பிள்ளைகள் இல்லை. கணவர் விட்டுப்போனது ஓர் அறை நிறையக் காகிதம். அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பித்து: விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பெண்கள். மேடையில் பாடியவர்கள், ஆடியவர்கள், புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர்கள் ஆகியோரின் நாடக அறிவிப்புகள், புகைப்பட அட்டைகள், ஓவியங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் எங்கெங்கோ தேடி வாங்கிச் சேர்த்திருந்தார். "மற்ற ஆண்களுக்குச் சீட்டாட்டம், இவருக்கு இது. இதுவாவது வீட்டுக்குள்ளேயே இருந்தது" என்பார் சிஞ்ஞோரா.

ஒரு நாள் அந்த அறையில் தூசி தட்டும்போது, கசங்கிய நாடக அறிவிப்பு ஒன்று தரையில் கிடந்தது. கசங்கியிருந்தால் என்ன செய்வோம்? தலையணை உறையோடு சேர்த்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். நூறு வருடமாகத் தாளில் இருந்த மை, தலையணை உறையில் தலைகீழாகப் பதிந்து கிடந்தது. சிஞ்ஞோரா போட்ட சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து என்ன என்று கேட்டார்.

சிஞ்ஞோரா சத்தம் போட்டுக் களைத்த பிறகு அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அவர் போன பிறகு இந்த அறையில் ஒரு தாளையும் யாரும் தொடவில்லை. நீ தொட்டுவிட்டாய். இனி நீயே இதை ஒழுங்கு பண்ணு. ஆனால் அந்த இஸ்திரிப் பெட்டியை இந்தப் பக்கம் கொண்டுவராதே" என்றார். அவருடைய கைகள் நடுங்கும். அதனால் என் கைகள் அங்கே போயின. இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், சான்றிதழ் எதுவும் கேட்காதீர்கள்.

இனி வருவதை மெதுவாகப் படியுங்கள். இந்தப் பிழையை நம்மவர்கள் மட்டும்தான் விடுவார்கள்.

அந்த அறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கட்டு இருந்தது. கட்டின் மேல் ஒரு துண்டில் பெயர். சிவப்பு நாடா கட்டிய ஒன்றில் எடித் கார்ன்லி என்று எழுதியிருந்தது. உள்ளே பாட்டுக் கச்சேரி அறிவிப்புகள், புகைப்பட அட்டைகள். மூன்று அடுக்கு தள்ளி, பச்சைப் பட்டு நாடா கட்டிய இன்னொரு கட்டிலும் எடித் கார்ன்லி. உள்ளே ஓவியங்கள்: எலுமிச்சை பறிக்கும் பெண்கள், கழுதை வண்டி, படிக்கட்டில் தூங்கும் பூனை.

உங்கள் அம்மாமாரின் பெயர் எப்படி என்று யோசியுங்கள். நான் ஜசிந்தா. அந்தோனி என்பது என் அப்பா. ஊரில் இரண்டு ஜசிந்தா இருந்தால், "ஆற்றை மகள்?" என்று கேட்போம். "அந்தோனியின்ரை" என்றால் கதை முடிந்தது. ஒரு தகப்பன் இரண்டு மகள்களுக்கு ஒரே பெயரை வைக்கமாட்டான் அல்லவா? இங்கே வந்து பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி எடுத்தபோது அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. "சிஞ்ஞோரா அந்தோனி" என்று யாராவது கூப்பிட்டால் செத்துப்போன அப்பா எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பேன். ஆகவே கார்ன்லி என்பதும் எனக்கு ஒரு தகப்பன். எடித்தும் ஒன்று, தகப்பனும் ஒன்று. பிறகென்ன, பெண்ணும் ஒருத்திதான். இங்கிலாந்தில் ஒட்டும் உறவும் இல்லாத ஆயிரம் பேர் ஒரே குடும்பப் பெயரோடு திரிவார்கள் என்பது என் தலையில் ஏறவே இல்லை.

பாவம் அந்த மனிதர், வயதுபோன காலத்தில் மறந்து ஒருத்தியை இரண்டாகக் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டையும் அவிழ்த்து ஒன்றாக அடுக்கிச் சிவப்பு நாடாவால் கட்டினேன். பச்சை நாடா மிஞ்சியது. "இதை எடுக்கட்டுமா?" என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். "நாடாதானே, எடு" என்றார். அந்த வாரமே அதை மன்னாருக்கு அனுப்பினேன், மகளின் தலைக்குக் கட்ட.

மகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. அனிற்றாவுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவளைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் விட்டுவிட்டுத்தான் நான் வந்தேன். அவளுக்கு நான் எழுதிய கடிதங்களில் பாதி எடித்தான். "லண்டனில் பாடினவ, பிறகு கப்பலேறி இஞ்சை வந்து, பகேரியாவில் தங்கிப் படம் கீறினவ" என்று எழுதுவேன். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? மூன்று வீட்டுத் தரை. எடித்தைப் பற்றி எழுதினால் பிள்ளை ஆசையாகப் பதில் போடுவாள்.

அவளை இங்கே அழைக்க எனக்கு எழுத்தில் ஒரு முழுநேர வேலை வேண்டும். என்னிடம் இருந்ததோ மூன்று வீடுகளில் அரை அரை நாள் வேலை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு கொந்த்ராத்தோ, கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு வேலை ஒப்பந்தம் கிடைத்தால் பிள்ளை வருவாள். கிடைக்காவிட்டால் வரமாட்டாள். என் வாழ்க்கை அந்த ஒரு தாளில் நின்றது.

அந்த நேரத்தில்தான் தொத்தோரெஸ்ஸா வந்தார். பட்டம் பெற்ற பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். பெயரை எழுதினால் இன்றைக்கும் கோபிப்பார், விட்டுவிடுகிறேன். சிஞ்ஞோரா தன் கணவரின் காகிதங்களைப் பொதுவுக்குக் கொடுக்க முடிவெடுத்தபோது, அவற்றைப் பார்க்க வந்தவர். நாற்பது வயது, பற்ற வைக்காத சிகரெட் ஒன்று எப்போதும் வாயில். வீட்டு வேலைக்காரியான என்னிடமும் மரியாதையாக, நீங்கள் என்றே பேசினார். பலேர்மோவில் என்னிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அவர்தான். இப்போது நீங்கள் வேலை செய்யும் இந்தக் கூட்டுறவை அன்று தொடங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முதல் படியாக அந்தக் காகிதங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தத் திட்டமிட்டார். "கண்காட்சி நல்லபடி முடியட்டும் ஜசிந்தா. முதல் ஒப்பந்தம் உங்களுக்குத்தான்" என்றார். அன்று நான் வீடு வரை நடந்து வந்தேனா, பறந்து வந்தேனா என்று தெரியாது.

கண்காட்சி பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில், ஒரு பழைய மாளிகையின் மண்டபத்தில். மைய நாயகி எடித் கார்ன்லி. நான் கட்டிய கட்டைத்தான் சிஞ்ஞோரா எடுத்துக் காட்டினார், நான் சொன்ன கதையைத்தான் சொன்னார்: பாடகியாக இருந்தவள், மேடையை விட்டு, ஓவியக்காரியானாள். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. அதற்கு மகுடம் வைத்ததுபோல ஒரு படமும் இருந்தது. பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வாயைத் திறந்து பாடுகிறாள். கீழே எடித் என்று மட்டும் எழுதியிருக்கிறது. முகம் புகைப்பட அட்டைகளில் இருந்த பாடகியின் முகமேதான். எடித் வரைந்த எடித், அப்படியானால் தன்னைத் தானே வரைந்த படம். அதையே சுவரொட்டியாக அச்சடித்தார்கள். துறைமுகத்து மதில் தொடங்கி பகேரியா ரயில் நிலையம் வரை எடித் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

திறப்பு விழா சனிக்கிழமை. புதன்கிழமை மதியம், அந்தப் படத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்திருப்பதைக் கண்டு, கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். நான் பின் அட்டையைக் கழற்றினேன். படத்தின் முதுகில் பென்சிலால், சின்னப் பிள்ளையின் கோணல் எழுத்தில், இத்தாலிய மொழியில் ஒரு வரி இருந்தது. "இதை வரைந்தது எங்கள் எடித், நெட்டையானவள்."

முதலில் சிரித்தேன். பிறகு எங்கள் வீட்டை நினைத்தேன்.

பலேர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் நான் குடியிருந்த வீட்டில் ஆறு பெண்கள். அதில் இரண்டு ஜசிந்தா. அவள் நெட்டை ஜசிந்தா, நான் கட்டை ஜசிந்தா. சந்தையில் மீன் விற்கிறவனுக்குக்கூட அது தெரியும். அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போன இரண்டு மாதமும் என்னை ஒருவரும் கட்டை என்று கூப்பிடவில்லை, நான் வெறும் ஜசிந்தா. வீட்டில் ஒருத்தி மட்டும் இருந்தால் யாரும் நெட்டை என்று சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. எங்கேயோ ஒரு கட்டை இருக்கிறாள் என்றால்தான் ஒருத்தி நெட்டை.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பாடுகிற பெண் ஒரு சின்ன முக்காலியின் மேல் ஏறி நிற்கிறாள். அப்படி நின்றும் பியானோவின் மேல் இருந்த விளக்குக்கு அவள் தலை எட்டவில்லை. அவ்வளவு கட்டை. அந்த முக்காலியை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். இந்த உருவம் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் நெட்டையாகத் தெரிய வழியில்லை. வரைந்தவள் ஒருத்தி, பாடியவள் இன்னொருத்தி. அதை எழுதிய பிள்ளையின் வீட்டில் இரண்டு எடித் இருந்திருக்கிறார்கள்.

பச்சை நாடா ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கிழவர் மறக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததை நான்தான் அவிழ்த்து, அந்தச் சாட்சியை மகளின் தலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கண்ணாடியை மாற்றி, பின் அட்டையைப் பழையபடி வைத்து மூடி, ஆணி அடித்து, படத்தை மாட்டிவிட்டு, நாலரை ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நெட்டை ஜசிந்தா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் சொன்னேன்.

"ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்கு."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு. சனிக்கிழமை முடிய ஒப்பந்தம் வரும். பிள்ளை வரும். பிறகு ஆறுதலா, உனக்கு விருப்பமெண்டா சொல்லு."

"பிழையை விட்டது நான் அக்கா. அந்தக் கட்டை அவிழ்த்ததும் நான்."

"உனக்கென்ன விசரோ? செத்து நூறு வருசமான வெள்ளைக்காரிக்காக உயிரோடை இருக்கிற பிள்ளையை அங்கை விடப்போறியோ?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், இந்தத் தொழிலில் பிழையான ஆலோசனை சொல்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்கமாட்டார்கள். நம்மீது அன்பானவர்கள்தான் அதைச் சொல்வார்கள்.

சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவும்போது அவளே திரும்பக் கேட்டாள், "அந்த நெட்டைக்கு ஆம்பிளை, பிள்ளை, ஆரும் இருந்ததோ?"

"தெரியாது. படங்களுக்குக் கீழை எழுதியிருக்கிறதைப் பாத்தால், பகேரியாவிலை ஒரு ஆங்கில வியாபாரி வீட்டிலை பிள்ளையளுக்குப் படிப்பிக்க வந்தவ போலை கிடக்கு."

"எங்களைப் போலை, வீட்டு வேலைக்கு வந்தவள் எண்டு சொல்லு."

"ஓம்."

அவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். "அவள் கீறினதுக்கு மற்றவள் பேர் வாங்கிறாள்" என்று முணுமுணுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நான் ஒண்டும் சொல்லேல்லை. நீ நினைச்சதைச் செய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை முதல் ரயிலில் பகேரியாவுக்குப் போனேன். பலேர்மோவிலிருந்து அது அரை மணி நேரம்கூட இல்லாத பயணம். நான் போன பயணங்களில் அதுதான் நீளமானது. கொழும்பிலிருந்து ரோமுக்கு வந்தபோதுகூட இப்படிச் செபம் சொல்லவில்லை. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன். அனிற்றாவின் முகத்தை நினைத்தால் திரும்பச் சொன்னது. அந்தக் கோணல் எழுத்தை நினைத்தால் போகச் சொன்னது.

தொத்தோரெஸ்ஸா ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். "இறங்கி வாருங்கள், ஒன்று காட்ட வேண்டும்" என்றேன். நான் அவருக்குக் கட்டளை போட்டது அதுதான் முதல் தடவை. படத்தைக் கழற்றிப் பின்புறத்தைக் காட்டினேன். நேற்றே பார்த்தேன் என்பதையும், பார்த்துவிட்டு மூடினேன் என்பதையும், இரண்டு கட்டுகளாக இருந்ததை ஒன்றாக்கியது நான்தான் என்பதையும் என்னுடைய அரைகுறை இத்தாலிய மொழியில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். வாயில் இருந்த சிகரெட் ஈரமாகி வளைந்துவிட்டது.

"நெட்டையானவள் என்பது வெறும் வர்ணனையாக இருக்கலாமே?" என்றார் கடைசியில்.

"எங்கள் வீட்டில் நான் கட்டை ஜசிந்தா. இன்னொருத்தி நெட்டை ஜசிந்தா. அவள் இல்லாவிட்டால் நான் கட்டை இல்லை."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முக்காலியில் அவர் கண் நின்றதைக் கண்டேன்.

"ஒரு பிள்ளையின் ஒரு வரியை வைத்து நான் ஒரு கண்காட்சியைத் திருப்பிப் போட முடியாது. இன்னொன்று வேண்டும். மதியத்துக்குள் கொண்டுவாருங்கள்" என்றார். கோபம்தான். படங்களுக்குக் கீழ் வைக்க அச்சடித்து மேசை மேல் இருந்த பெயர்ச்சீட்டுக் கத்தையைத் தூக்கிக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். கூடைக்குள் போடவில்லை. அவர் பழக்கம் அது: அழிக்கும் முன் ஒரு சாண் தள்ளி வைப்பார். அன்று அவரிடம் கற்றுக்கொண்ட பழக்கத்தை நான் வேலையை விடும் நாள் வரை விடவில்லை.

சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாடாக்களைப் பற்றிக் கேட்டேன்.

"சிவப்பு பாடுகிறவர்களுக்கு, பச்சை வரைகிறவர்களுக்கு" என்றார் மெல்ல. "சாப்பாட்டு மேசையில் நாற்பது வருடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சூப் ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சையை உனக்குத் தூக்கித் தந்தது நான்தானே ஜசிந்தா." பிறகு அழுதார். அழுது முடிந்ததும், "அந்த மனிதர் சொன்னது சரி என்று சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், கேட்கிறதா?" என்று அதட்டினார்.

தொத்தோரெஸ்ஸா நாடாவை மட்டும் நம்பவில்லை. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, கட்டிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக, பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பரப்பினோம். அரை மணி நேரத்தில் அகப்பட்டது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் லண்டனில் எடித் கார்ன்லி பாடுகிறார் என்று ஓர் அறிவிப்பு. அதே வருடம், அதே நாள், பகேரியா என்று கீழே எழுதிய ஒரு படம்: மழையில் நனைந்த முற்றம், ஒரு குடை. ஒரே நாளில் ஒருத்தி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் கப்பலும் ரயிலுமாக வர எத்தனை நாள் பிடித்திருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு இன்னொரு வருடத்து அறிவிப்பும் கிடைத்தது. பாடகி ஒரு குளிர்காலம் பலேர்மோவுக்கே பாட வந்திருக்கிறாள். வியாபாரி வீட்டார் தங்கள் ஆசிரியையின் பெயர்க்காரி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவளை வீட்டுக்கு அழைத்திருப்பார்கள். நெட்டை எடித் அப்போது கட்டை எடித்தை வரைந்திருக்கிறாள். ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தாள்கள் என் கையில் இருந்தன. ஒன்று என்று முடிவு செய்துவிட்டதால் நான் பார்க்கவேயில்லை. தொத்தோரெஸ்ஸாவும் பார்க்கவில்லை.

"சுவரொட்டி?" என்றேன். ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது.

"ஒட்டியது ஒட்டியதுதான். இனி மேசையில் உட்கார்ந்து பெயர்ச்சீட்டுகளை எழுதுங்கள். கையால். அச்சடிக்க நேரமில்லை" என்றார்.

இரண்டு நாள் எழுதினேன். ஒவ்வொரு சீட்டிலும் எடித் கார்ன்லி, ஓவியர். எடித் கார்ன்லி, பாடகி. விரல் வீங்கிவிட்டது. ஒப்பந்தத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது போய்விட்டது என்று எனக்குள் எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எதிரே இருந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை கூட்டம் நிறைந்திருந்தது. சிஞ்ஞோரா கறுப்புச் சட்டையும் முத்துமாலையுமாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொத்தோரெஸ்ஸா எழுந்து நின்று, "வெளியே நீங்கள் பார்த்த சுவரொட்டி தவறு" என்று தொடங்கினார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. "வியாழக்கிழமை வரை நாங்கள் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் இரண்டு பேர். இந்தக் காகிதங்களைச் சேர்த்தவருக்கு அது தெரியும். அவர் வேறு வேறாகத்தான் கட்டி வைத்திருந்தார். எனக்குக் கட்டு ஒன்றாக வந்தது, நான் ஏன் என்று கேட்கவில்லை. கண்டுபிடித்தது நம் சக ஊழியர் ஜசிந்தா அந்தோனி" என்றார்.

ஒன்றாகக் கட்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. கண்டுபிடித்தது யார் என்று மட்டும் சொன்னார். சிஞ்ஞோரா திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நெட்டை ஜசிந்தா பின்வரிசையில் நின்றபடி கை தட்டத் தொடங்கினாள், தேவையில்லாத சத்தத்தோடு.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொத்தோரெஸ்ஸா வந்து நின்றார்.

"புதன்கிழமை பார்த்துவிட்டு மூடினீர்கள் என்று ஏன் சொன்னீர்கள்? சொல்லாவிட்டால் எனக்குத் தெரியவே வந்திராது."

"மூடினேன், அதனால் சொன்னேன்" என்றேன். வேறு பதில் தெரியவில்லை.

"திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள்" என்றார். "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இனிமேல் எந்தக் கட்டையும் என்னைக் கேட்காமல் அவிழ்த்தால் கொன்றுவிடுவேன்."

ஒரு நாற்காலியை அடுக்காமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிழைகள் முழுதாகத் திரும்பி வராது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கதையை ஒரு பத்திரிகை முன்பே அச்சடித்துவிட்டது. எத்தனையோ வருடம் கழித்தும் "தன்னைத் தானே வரைந்த பாடகியின் படம் எங்கே?" என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். உங்களிடமும் வருவார்கள். கோபப்படாமல் அவர்களை உட்கார வைத்து, முக்காலியைக் காட்டுங்கள்.

எனக்கு இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டியிருந்தது. மகளுக்கு நான் எழுதிய எடித் பொய் எடித் அல்லவா? உட்கார்ந்து முழுவதையும் எழுதினேன். அம்மா பிழை விட்டேன், ஒருத்தி இல்லை, இரண்டு பேர், நாடாவை அவிழ்த்தது நான், நீ தலையில் கட்டியிருப்பது நெட்டை எடித்தின் நாடா என்று எழுதினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அந்தக் கதையில் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

ஊரில் போர்க்காலம், கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்று. உறை தடித்திருந்தது. உள்ளே பச்சை நாடாவும், கோடு போட்ட தாளில் அவளுடைய உருண்டை எழுத்தும்.

"அம்மா, ரெண்டு பேர் எண்டதிலை எனக்குச் சந்தோசம். ஒரு ஆள் எண்டு நீங்கள் எழுதினபோது, தெரியாத ஊரிலை அவ ஆரோடை கதைச்சிருப்பா எண்டு யோசிச்சனான். இப்ப ஒராளை ஒராள் இருத்தி வைச்சுக் கதைச்சுக் கதைச்சுக் கீறியிருப்பினம். எனக்கு ரெண்டு பின்னல் எண்டதாலை சிஸ்டர் நாடாவை ரெண்டா வெட்டிப்போட்டா. நான் முடிச்சுப் போட்டு அனுப்பிறன். நெட்டை எடித்துக்குத் திருப்பிக் கட்டி விடுங்கோ. எனக்கு அங்கை வந்த பிறகு வேறை வாங்கித் தாங்கோ."

அடுத்த வருடம் வசந்த காலத்தில், நேப்பிள்ஸிலிருந்து வந்த கப்பலில், பலேர்மோ துறைமுகத்தில் அனிற்றா இறங்கினாள். இரண்டு பின்னல், இரண்டிலும் வெறும் ரப்பர் வளையம். வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியையும் இழுத்துக்கொண்டு, போர்கோ வெக்கியோ சந்தையில் நாடாக் கடைக்குத்தான் முதலில் போனோம்.

பதினாலாம் பெட்டியில் இருக்கும் முடிச்சு அவள் போட்டது. அதை யாரும் அவிழ்க்கக் கூடாது.